இறங்கிப் பார்க்கவேண்டிய ரயில்

மெக்சிகோவின் காப்பர் கேன்யன் ரயிலில் போக ஆசைப்படுகிறவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரயிலில் உட்கார்ந்தபடி காப்பர் கேன்யனைப் பார்க்க முடியாது.

விளம்பரங்களில் ஒரு படத்தில் ரயில் வளைந்து போகும். அடுத்த படத்தில் அடிகாணாத பள்ளத்தாக்கு இருக்கும். இரண்டையும் மனசுக்குள் நாமே ஒட்டிக்கொள்கிறோம். சுமார் 650 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை, பெரும்பள்ளத்தின் விளிம்பை நெருங்குவது திவிசதேரோ நிலையத்தை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும்தான். அங்கே வண்டி கால் மணி நேரம் நிற்கும், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். கூட்டத்தோடு இறங்கி, கைவினைக் கடைகளின் நடுவே படியிறங்கி ஓடினால் தடுப்புக் கம்பிக்கு அப்பால் தரை முடிந்துபோயிருக்கும். நாலு படம் எடுப்பதற்குள் ஹாரன் அடித்துவிடும். திரும்பி ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் பைன் காடுதான்.

இது தெரியாமல் கண்ணாடிக்கூரைப் பெட்டிக்குப் பெரும் பணம் கட்டி, காலையில் ஏறி மாலையில் இறங்கி, ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குறை ரயிலில் இல்லை, செலவு செய்த இடத்தில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசைவிட, இறங்கித் தங்கும் இரவுகளுக்குக் கொடுக்கும் காசுதான் பள்ளத்தாக்கைக் காட்டும். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. இந்தப் பாதையில் ஓடும் இரண்டு ரயில்களில் மலிவானது எதுவோ அதில் ஏறி, மிச்சத்தை நடு வழியில் செலவழித்தால் போதும்.

எரிமலைச் சாம்பலை அறுத்த ஆறுகள்

இடம், வடக்கு மெக்சிகோவின் சிவாவா மாநிலம். உள்ளங்கை அளவு நாய்க்குட்டியின் பெயராக நமக்குப் பழக்கமான அதே சிவாவா. மாநிலத்தின் மேற்கில், பசிபிக் கரைக்கு இணையாக ஓடும் மலைத்தொடரின் பெயர் சியர்ரா மாத்ரே ஒக்சிதெந்தால். இரண்டு கோடி முதல் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைகள் கக்கிய சூடான சாம்பலும் கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இந்த மலை. அந்தப் படிவத்தை ஆறுகள் அறுத்துக்கொண்டே போனதில் உண்டானவை பள்ளத்தாக்குகள். உரிக்கே, பதோபிலாஸ், சின்ஃபொரோசா, தரரேகுவா, கோப்ரே என்று பெரியவை மட்டும் ஆறேழு தேறும். கோப்ரே என்றால் செம்பு. பாறைச்சுவரில் படர்ந்த பச்சைச்செம்பு நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். அந்த ஒன்றின் பெயரே இன்று மொத்தப் பகுதிக்கும் ஆகிவிட்டது.

உரிக்கே பள்ளத்தாக்கின் ஆழம் 1,800 மீட்டருக்கு மேல். கிராண்ட் கேன்யனைவிட ஆழம், பரப்பில் அதைப்போல நாலு மடங்கு என்று உள்ளூர் வழிகாட்டிகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு கிராண்ட் கேன்யனின் மொட்டைச் சிவப்பு அடுக்குகளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே சரிவெல்லாம் மரம், புதர், கள்ளி. பார்த்த மாத்திரத்தில் திகைக்க வைக்கும் காட்சி அல்ல இது. காலை வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நகர நகரத்தான் ஒன்றன்பின் ஒன்றாக மடிப்புகள் புலப்படும். இருபது நிமிடத்தில் புரியாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காட்டுக்குள் யார் ரயில் விட நினைத்தார்கள்? விஷயம் சுற்றுலாவில் தொடங்கவில்லை, சரக்கில் தொடங்கியது. ஆல்பர்ட் கிம்ஸி ஓவன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1872-ல் சினலோவா கடற்கரையில் டோபோலோபாம்போ என்ற விரிகுடாவைப் பார்த்தார். ஆழமான இயற்கைத் துறைமுகம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து பசிபிக் கடலுக்கு நேர்க்கோடு போட்டால் சான் பிரான்சிஸ்கோவைவிட இது பல நூறு கிலோமீட்டர் பக்கம். கன்சாஸின் கோதுமையை இந்த வழியாகக் கப்பலேற்றி ஆசியாவுக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. ஓவன் வெறும் பொறியாளர் அல்ல, கனவுக்காரரும்கூட. தனிச்சொத்து இல்லாத கூட்டுறவுக் குடியேற்றம் ஒன்றை அங்கே அமைக்க ஆள் சேர்த்தார். 1886-லிருந்து அமெரிக்கர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். தண்ணீர்ப் பஞ்சம், நோய், உட்பூசல் எல்லாம் சேர்ந்து பத்தாண்டுக்குள் அந்தக் குடியேற்றம் கலைந்துபோனது.

அடுத்து 1900-ல் ஆர்தர் ஸ்டில்வெல் என்ற ரயில் முதலாளி அதே கோட்டைக் கையில் எடுத்தார். இரண்டு முனைகளிலும் தண்டவாளம் முளைத்தது. நடுவில் மலை அப்படியே நின்றது. மெக்சிகோ புரட்சி வெடித்தது, 1912-ல் கம்பெனி திவாலானது. இரண்டு பக்கமும் வந்து முட்டி நின்ற பாதை பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. மெக்சிகோ அரசு 1940-ல் அதை எடுத்துக்கொண்டு, கடைசியில் நடு மலையைக் குடைந்து இணைத்தது. 1961 நவம்பரில் அதிபர் அடோல்ஃபோ லோபேஸ் மாத்தியோஸ் திறந்துவைத்தார். 37 பாலங்கள், 86 சுரங்கங்கள். கன்சாஸ் கோதுமை பெருவெள்ளமாக வந்து இறங்கவில்லை. உலக வணிகத்துக்காக நினைக்கப்பட்ட பாதை, மலைகிராமத்து மக்களுக்கு வேலைக்கும் வைத்தியத்துக்கும் போகும் வண்டியாக நிலைத்தது.

தொண்ணூறுகளில் மெக்சிகோ தன் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தபோது நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நின்றுபோயின. தப்பிப் பிழைத்த நீண்டதூர வண்டி ஏறக்குறைய இது ஒன்றுதான். சிவாவா - பசிபிக் என்ற பெயரைச் சுருக்கி மெக்சிகோக்காரர்கள் செல்லமாக ‘சேப்பே’ என்கிறார்கள்.

பல்சக்கரம் இல்லாத ஏற்றம்

பயணிகள் வண்டியின் மேற்கு முனையான லோஸ் மோச்சிஸ், கரும்பு விளையும் சமவெளி. அங்கிருந்து கிழக்கே கிளம்பும் வண்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டருக்கு ஏற வேண்டும். ஊட்டி ரயிலும் ஏறுகிறது. ஆனால் கல்லாறு முதல் குன்னூர் வரை அதற்குப் பல்சக்கரம் கைகொடுக்கிறது. சேப்பேக்கு அந்த வசதி இல்லை. சாதாரண டீசல் இன்ஜின், சாதாரண ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை, அதே தண்டவாளத்தில் சரக்கு வண்டிகளும் போகும். அதனால் ஏற்றத்தைச் செங்குத்தாக வைக்க முடியாது. மலையைச் சுற்றிச் சுற்றி, தேவைப்பட்டால் மலைக்குள்ளேயே திரும்பி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்க வேண்டும்.

இந்த வித்தையை முழுசாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் தேமோரிஸ். எல் ஃபுயர்தே ஆற்றின் நீளமான பாலத்தைத் தாண்டி, சின்னிபாஸ் ஆற்றின் மேல் நூறு மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தையும் தாண்டி, செப்தெந்த்ரியோன் ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்குக்குள் வண்டி நுழைகிறது. இருபுறமும் பாறை. ஒரு கட்டத்தில் எதிர்ச்சரிவில், நம் தலைக்கு மேலே, இன்னொரு ரயில்பாதை தெரியும். அதற்கும் மேலே மூன்றாவதாக ஒன்று. மூன்றும் ஒரே பாதைதான் என்பது முதலில் உறைக்காது. வண்டி அடிமட்டத்தில் ஒரு வளைந்த பாலத்தில் ஆற்றைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், வந்த திசைக்கே திரும்பி நிலையத்தை அடைகிறது. பிறகு ‘லா பேரா’ என்ற சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அந்த இருட்டுக்குள்ளேயே அரைவட்டம் அடித்து, முகம் திரும்பி, மேல்தட்டில் வெளியே வருகிறது. சற்று முன் கடந்த பாலம் இப்போது கீழே தீக்குச்சி கிடப்பதுபோலத் தெரியும். எதிரே மலைச்சரிவில், திறப்புவிழாச் செய்தியைத் தண்டவாளத் துண்டுகளாலேயே எழுத்தாக வைத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பெட்டியில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட இந்த அரை மணி நேரம் எழுந்து நிற்கிறார்கள். எந்தப் பக்கம் ஜன்னல் நல்லது என்று முன்பதிவு செய்யும்போது ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இத்தனை முறை முகம் திரும்பும் வண்டியில் இரண்டு பக்கமும் வாய்ப்பு வரும்.

திசைதான் முக்கியம். தேமோரிஸ் முதல் திவிசதேரோ வரையிலான பகுதியை வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். லோஸ் மோச்சிஸ் பக்கமிருந்து காலையில் கிளம்பினால், வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானாலும் அந்தப் பகுதி பகலில்தான் வரும். மறுமுனையான சிவாவா நகரத்திலிருந்து கிளம்பினால் சமவெளியும் ஆப்பிள் தோட்டமும் பகலில் போய், தேமோரிஸ் வரும்போது பொழுது சாய்ந்துவிடலாம். குளிர்காலத்தில் இருட்டியே விடும். தாமதம் இந்த ஒற்றைப்பாதையில் சாதாரணம்.

எந்த வண்டி, எவ்வளவு செலவு

ஒரே பாதையில் இரண்டு பயணிகள் வண்டிகள். 2018-ல் வந்த ‘சேப்பே எக்ஸ்பிரஸ்’ சுற்றுலாப் பயணிகளுக்கானது. லோஸ் மோச்சிஸுக்கும் மலைமேல் இருக்கும் க்ரீல் ஊருக்கும் இடையில் மட்டும் ஓடும். உணவகப் பெட்டியில் கண்ணாடிக்கூரை, மதுபானம், சீருடைப் பணியாளர்கள். ‘சேப்பே ரெஹியோனால்’ பழைய வண்டி. சிவாவா நகரம் வரை முழுத் தூரமும் போகும். எல்லா நிலையங்களிலும், சில சமயம் நிலையமே இல்லாத இடத்திலும் நிற்கும். பாதையோரத்து கிராமத்து மக்களுக்குச் சலுகைக் கட்டணம் இதில்தான். முழுத் தூரத்துக்குப் பதினைந்து பதினாறு மணி நேரம் பிடிக்கும்.

பாசஞ்சர் என்றதும் மரப்பலகையை நினைக்க வேண்டாம். சாயும் சீட்டு, ஏசி, சுமாரான சிற்றுண்டிப் பெட்டி எல்லாம் உண்டு. எக்ஸ்பிரஸின் உயர்வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதன் சாதாரண வகுப்புக் கட்டணம் சின்னத் தொகை. ஜன்னலுக்கு வெளியே தெரிவதோ ஒரே மலைதான். உள்ளே தெரிவதில்தான் வித்தியாசம். ரெஹியோனாலில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஏறும் பாட்டி, மடியில் தூங்கும் பேரன், சமவெளித் தோட்டங்களில் தக்காளி பறித்துவிட்டு மலைக்குத் திரும்பும் குடும்பம். அகலப் பாவாடையும் தலையில் வண்ணத் துணியுமாக, இந்த மலையின் பூர்வகுடிகளான ரராமுரி பெண்கள், பேசாமல், ஜன்னலையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த மலை வேடிக்கை அல்லவே.

ஒரே ஒரு தொல்லை, ரெஹியோனால் தினமும் ஓடாது. ஒவ்வொரு திசையிலும் வாரத்தில் சில நாட்கள்தான். கிழமைகள் அவ்வப்போது மாறும். விமான டிக்கெட் போடுவதற்கு முன் ரயில் கிழமையைப் பார்த்துவிட்டு மீதியை அதைச் சுற்றிக் கட்டவேண்டும். இறங்கி ஏறுவதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட்டா, ஒரே டிக்கெட்டில் முடியுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஈஸ்டர் வாரத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைக்காது.

செலவைக் குறைக்க இன்னும் இரண்டு வழி உண்டு. லோஸ் மோச்சிஸில் தங்கி விடியுமுன் எழுந்து ஓடுவதைவிட, பேருந்தில் எல் ஃபுயர்தே ஊருக்கு வந்து இரவு தங்கலாம். 1564-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். சதுக்கம், தேவாலயம், ஆற்றங்கரை என்று மாலைப்பொழுதுக்கு அம்சமான இடம். ரயில் அங்கே இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும், தூக்கமும் மிச்சம். நிலையம் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் வண்டியை முந்தின நாளே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழி, க்ரீலுக்கும் சிவாவாவுக்கும் இடையில் ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போவது. பெரும்பாலும் சமவெளி. பேருந்து வேகமும் கூட, தினமும் பல தடவை உண்டு.

விளிம்பில் ஓர் இரவு

திவிசதேரோ பிளாட்பாரத்தை முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும். எண்ணெய் டிரம்மைக் குறுக்காக வெட்டி, உள்ளே பைன் விறகை எரியவிட்டு, மேலே தகடு போட்ட அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. அதில் வேகிறது கோர்திதா. நம் அடையின் கனத்தில் மக்காச்சோள மாவு ரொட்டி. சில கடைகளில் நீலச்சோளத்தில் செய்வதால் கருநீலமாக இருக்கும். தட்டிப்போட்டு இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கருகியதும், ஓரத்தைக் கத்தியால் கீறிப் பை மாதிரி திறக்கிறார்கள். பக்கத்தில் மண்சட்டிகளில் குழம்பு வகைகள்: மிளகாயில் வெந்த மாட்டிறைச்சி, பன்றித்தோல், உருளைக்கிழங்கு, பீன்ஸ், நறுக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், சீஸ் அடைத்த பெரிய மிளகாய். கை காட்டினால் போதும், கரண்டியால் அள்ளித் திணித்துக் காகிதத்தில் வைத்து நீட்டிவிடுவார்கள். சைவர்கள் சீஸ், கள்ளி, உருளை என்று கேட்டு வாங்கலாம். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிக்கும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு, கேட்காமல் வாங்க வேண்டாம். ரயில் நிற்கும் இருபது நிமிடத்தில் காட்சியா கோர்திதாவா என்று ஒரு கூட்டமே திண்டாடுவதைப் பார்க்கலாம்.

நான் சொல்ல வருவது, திண்டாடாதீர்கள், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்றுதான். ரயில் போனதும் அந்த இடத்தின் சந்தடி சட்டென்று வடிந்துவிடும். விளிம்பை ஒட்டிய பெரிய ஹோட்டல்களின் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. கொஞ்ச தூரத்தில் அரேபோனாபுச்சி என்ற கிராமம் இருக்கிறது; சுருக்கமாக அரேபோ. வீட்டோடு சேர்த்து நாலைந்து அறை கட்டி வாடகைக்கு விடும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அறையில் விறகு அடுப்பு, கனமான கம்பளி, இரவுச் சாப்பாடு வீட்டுக்காரர்களோடு. அங்கிருந்து விளிம்பை ஒட்டியே ஒற்றையடிப் பாதையில் திவிசதேரோவுக்கு நடந்து வரலாம். உரிக்கே, தரரேகுவா, கோப்ரே மூன்று பள்ளத்தாக்குகளும் கூடும் இடம் அது. மாலை நாலு மணிக்கு மேல் நிழல் ஏற ஏற, மதியம் தட்டையாகத் தெரிந்த எதிர்ச்சுவருக்குள் கிளைப்பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கீழே ஆற்றங்கரையில் மாம்பழமும் ஆரஞ்சும் விளைகின்றன. மேலே டிசம்பரில் பனி கொட்டும். ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு பருவம். ரராமுரி மக்களில் பலர் குளிர்காலத்தில் ஆடுகளோடு கீழே இறங்கிவிடுவதும் அதனால்தான்.

திவிசதேரோவுக்கும் அரேபோவுக்கும் நடுவே சாகசப் பூங்கா ஒன்றும் உண்டு. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ரோப்கார், கம்பியில் தொங்கிப் பறக்கும் ஜிப்லைன். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரோப்காரைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளத்தின் நடுவில் துருத்தி நிற்கும் பாறைமேட்டில் இறக்கிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதுதான் ஆழம் பிடிபடும்.

அங்கிருந்து க்ரீலுக்கு அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பேருந்து இருக்கிறது. க்ரீல் மரம் அறுக்கும் ஊராக இருந்து சுற்றுலா ஊரானது. 2,300 மீட்டர் உயரம், பேக்பேக்கர் விடுதிகள், வாடகை சைக்கிள். ஊரை ஒட்டிய சான் இக்னாசியோ ரராமுரி சமூக நிலத்துக்குள் நுழையச் சிறு கட்டணம் வாங்குகிறார்கள். காளான், தவளை, துறவி என்று பெயர் வைத்த பாறைக் கூட்டங்களையும் அரரேகோ ஏரியையும் சைக்கிளிலேயே பார்த்து வரலாம். வாடகை வேன் தேவையே இல்லை.

கூடுதலாக நாட்கள் இருப்பவர்களை இழுக்கும் ஊர் பதோபிலாஸ். க்ரீலிலிருந்து பல மணி நேரம் கீழ்நோக்கிப் போகும் சாலையின் முடிவில், பள்ளத்தின் அடியில் ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். வாஷிங்டன் நகரத்துக்குச் சாலையும் சாக்கடையும் போட்டு, கூடவே அதைப் பெருங்கடனிலும் தள்ளிவிட்டுப் போன முன்னாள் ஆளுநர் அலெக்சாண்டர் ஷெப்பர்ட், 1880-ல் குடும்பத்தோடு இங்கே வந்து வெள்ளி வெட்டினார். 1902-ல் இங்கேயே இறந்தார். அவருடைய மாளிகையின் இடிபாடு ஆற்றங்கரையில் நிற்கிறது.

ஓடுகிறவர்கள்

ரராமுரிகளை வெளியுலகம் தராஉமாரா என்று அழைக்கிறது. அவர்கள் மொழியைப் பேசுகிறவர்கள் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 90,000 பேர். ஸ்பானியர்களும் சுரங்க முதலாளிகளும் நெருக்க நெருக்க, மலைக்குள் பின்வாங்கிப் பின்வாங்கிப் பிழைத்தவர்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மலைச்சரிவே இருக்கும். அப்படி வாழ்ந்தால் நடையும் ஓட்டமும் தனித் திறமை அல்ல, அன்றாடம். ஆண்கள் மரப்பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே மலைப்பாதையில் ஓடும் பந்தயம் ஒரு நாள், இரண்டு நாள்கூட நடக்கும். பெண்கள் வளையத்தைக் கழியால் எறிந்து எறிந்து ஓடுவார்கள்.

1993-ல் அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் லெட்வில் 160 கிலோமீட்டர் ஓட்டத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய விக்தோரியானோ சூர்ரோ என்ற ரராமுரி விவசாயி முதலாவதாக வந்தார். காலில் டயர் ரப்பரை வெட்டித் தோல்வாரில் கட்டிய செருப்பு. 2017-ல் புவெப்லாவில் 50 கிலோமீட்டர் மலையோட்டத்தில் லோரேனா ராமிரேஸ் பாவாடையோடும் அதே மாதிரிச் செருப்போடும் ஜெயித்தார். கிறிஸ்டோபர் மெக்டூகல் இவர்களைப் பற்றி 2009-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்தச் செருப்பைப் பார்த்து உலகம் முழுக்க ஷூ கம்பெனிகள் புதுமாதிரி விட்டன. செருப்பைக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் திவிசதேரோ படிக்கட்டில் உட்கார்ந்து கூடை விற்கிறார்கள்.

அந்தக் கூடைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பைன் ஊசியிலையிலும் சோதோல் ஓலையிலும் பின்னியவை. பச்சை வாசனை போகாது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறிதாகிக்கொண்டே போய், கடைசிக் கூடை சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். சொல்லும் விலை அநேகமாக நியாயமானதுதான், அதில் பேரம் பேசி நாலு பெசோ குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு பெசோ ஏறத்தாழ ஐந்து ரூபாய். விற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை. குழந்தைகள் ‘கோரிமா’ என்று கை நீட்டுவதைப் பிச்சை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இருப்பவர் இல்லாதவருக்குப் பங்கு தரவேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் ஏற்பாடு. விளைச்சல் பொய்க்கும் மலையில் எல்லோரும் பிழைக்க அதுதான் வழி. சில்லறைக்குப் பதில் வாழைப்பழமோ ரொட்டியோ கொடுத்தால் நல்லது.

மறைக்கக்கூடாத பக்கம்

இந்த மலையில் கஞ்சாவும் கசகசாச் செடியும் பயிராகின்றன. கடத்தல் கும்பல்கள் இருக்கின்றன. காட்டு மரம் வெட்டுவதை எதிர்த்ததற்காக 2005-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்ற ரராமுரி விவசாயி இசிட்ரோ பால்தெநேக்ரோ, 2017 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய அப்பாவும் அதே போராட்டத்துக்காகக் கொல்லப்பட்டவர். 2022 ஜூனில் செரோகாவி கிராமத் தேவாலயத்துக்குள் அடைக்கலம் தேடி ஓடிவந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவரும், அவரைக் காப்பாற்ற முயன்ற இரண்டு முதிய யேசுசபைப் பாதிரியார்களும் கொல்லப்பட்டார்கள். செரோகாவி, ரயில்பாதையின் பவிச்சிவோ நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

இதில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்கள் சுமக்கும் ஆபத்து. பயணிகளைக் குறிவைப்பது அரிது. ரயிலில் காவலர்கள் வருகிறார்கள். க்ரீல், திவிசதேரோ போன்ற இடங்களுக்கு ஆண்டு முழுதும் கூட்டம் வருகிறது. ஆனாலும் உரிக்கே, பதோபிலாஸ் போன்ற பள்ளத்தின் அடி ஊர்களுக்குப் போவதா என்பதை க்ரீலில் தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் தயங்கினால் விட்டுவிடுவதே சரி. இருட்டிய பிறகு மலைச்சாலையில் பயணம் கூடாது. வழிகாட்டி இல்லாமல் காட்டுப்பாதையில் இறங்கக்கூடாது. தவறிப்போய் யாருடைய வயலுக்குள் நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியாது.

கிளம்புமுன்

இந்தியாவிலிருந்து இதற்கென்றே கிளம்பினால் விமானச் செலவிலேயே ‘குறைந்த செலவு’ அடிபட்டுப்போகும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் கணக்கு வேறு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. டெக்சஸின் எல் பாசோவிலிருந்து எல்லையைத் தாண்டினால் சிவாவா நகரம் பேருந்தில் அரை நாள்கூட ஆகாது.

மழை ஜூலையில் தொடங்கும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல காலம். அருவியில் தண்ணீர் இருக்கும், சரிவு பச்சையாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாம் காய்ந்து, காட்டுத்தீப் புகை பள்ளத்தை மூடிவிடுவதுண்டு. ஈஸ்டர் வாரத்தில் ரராமுரி கிராமங்களில் இரவு பகலாக முரசு அடிப்பார்கள். அதைக் கேட்கவே வருகிறவர்களும் இருக்கிறார்கள், அப்போது அறை வாடகையும் ஏறும். பணத்தை நோட்டாக எடுத்துக்கொண்டு போகவேண்டும். க்ரீலைத் தாண்டினால் ஏடிஎம்-ஐ நம்ப முடியாது, அரேபோ வீடுகளில் கார்டு தேய்ப்பதில்லை.

திரும்பும் பேருந்து குவாவ்தேமோக் வழியாகப் போகும். 1922-ல் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் கிறிஸ்தவர்களின் ஊர். ஓவரால் உடையும் வைக்கோல் தொப்பியுமாக, இன்றும் வீட்டில் ஒரு பழைய ஜெர்மன் பேச்சுவழக்கில் பேசுகிறார்கள். அவர்கள் செய்யும் சீஸ்தான் வடக்கு மெக்சிகோ முழுக்க ரொட்டிக்குள் உருகுகிறது. பேருந்து நிலையத்துக் கடையிலேயே கட்டியாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. ரெஹியோனாலை ஒருமுறை தவறவிட்டால் அடுத்தது வர இரண்டு மூன்று நாள் ஆகும். அரேபோவில் தங்கிய காலையில் மூட்டம் விலகவில்லை என்றாலும் இன்னொரு நாள் தேவைப்படும். கண்ணாடிக்கூரையில் மிச்சம்பிடித்த பணத்தை அந்த நாட்களுக்கென்று தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.